பதினொரு மாத்திரைகள்: பைபாஸ் முடிந்து வீடு திரும்பிய ஒரு பெரியவர் – நிகழ்வு ஆய்வு

மும்பையில் ஒரு பொது மருத்துவமனையின் இதய அறுவைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். அங்கே சிகிச்சை பெற்ற ஒரு தமிழ்ப் பெரியவருக்கு அறுவைக்குப் பிந்தைய ஓராண்டில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அவரும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். மருந்துகளின் பெயரையும் அளவையும் சொல்வது நடந்ததை விளங்க வைப்பதற்காக மட்டுமே. அவை அவருக்கென்று மருத்துவர் எழுதியவை, வேறு எவருக்கும் பொருந்தாது.

பின்னணி

பெரியவருக்கு வயது 71. சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். இருபது வயதில் தாராவிக்கு வந்து தோல் பதனிடும் பட்டறையில் சேர்ந்தவர். பட்டறை மூடிய பிறகு ஒரு தோல் பைக் கடையில் கணக்குப் பார்த்துவந்தார். 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் வீடு. கீழே ஓர் அறை, செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஓர் அறை. கீழே அவரும் 67 வயது மனைவியும், மேலே மகன், மருமகள், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேரன். மகன் இரவில் வாடகைக் கார் ஓட்டுகிறார். மருமகள் தையல் பட்டறைக்குப் போகிறார். வீட்டுக்குள் கழிப்பறை கிடையாது. சந்து முனையில் இருக்கும் பொதுக் கழிப்பறைக்குத்தான் போகவேண்டும். எங்கள் கோப்பில் இந்தத் தகவல் எங்குமே இல்லை.

ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். 2024 அக்டோபரில் நெஞ்சுவலி வந்து சேர்த்தார்கள். ஆஞ்சியோகிராமில் மூன்று முக்கிய ரத்தக்குழாய்களிலும் அடைப்பு தெரிந்தது. இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் 40 சதவீதமாகக் குறைந்திருந்தது. பைபாஸ் செய்வதென்று முடிவாயிற்று. மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்கிய திட்டத்தில் அறுவைச் செலவு அடங்கியது. மார்புக்குள் இருக்கும் ஒரு தமனியையும், காலிலிருந்து எடுத்த சிரையையும் கொண்டு மூன்று மாற்றுப் பாதைகள் போட்டார்கள். அறுவை நல்லபடியாக முடிந்து ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார்.

இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையை 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். ஐம்பது ஆண்டுகளில் அந்த அறுவையை எங்கள் வார்டில் அன்றாட வேலையாகச் செய்யும் அளவுக்கு வளர்ந்திருக்கிறோம். அறுவை முடிந்து வீட்டுக்குப் போனவர் அடுத்த மாதம் என்ன விழுங்குகிறார் என்று கேட்பதில் அந்த வளர்ச்சியில் கால்வாசிகூட எனக்குத் தெரியவில்லை. கசப்பில் சொல்லவில்லை, பதினாறு ஆண்டு வார்டில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பிய நாள்

எட்டு வகை மருந்து எழுதிக்கொடுக்கப்பட்டது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், குளோபிடோக்ரெல் 75. கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின். இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்த மெட்டோபிரோலால் 25, இரண்டு வேளை. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்தின் பளுவைக் குறைக்கவும் ராமிப்ரில். உடம்பில் நீர் தேங்காமல் இருக்க ஃபியூரோசெமைடு 40, காலையும் மாலையும். வயிற்றுக்குப் பான்டோபிரசோல். ஏற்கனவே எடுத்துவந்த மெட்ஃபார்மின் இரண்டு வேளை. நாளுக்கு மொத்தம் 11 மாத்திரைகள். பத்து நாளைக்கு மருந்து கொடுத்து, மீதியை வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்னோம்.

மகனிடம் சீட்டைக் கொடுத்து விளக்கியவள் நான்தான். பணம் கட்டும் இடத்துக்கும் வார்டுக்கும் நடந்துகொண்டிருந்த அவர் நின்று கேட்டது ஐந்து நிமிடம் இருக்கும். இரவு முழுவதும் வண்டி ஓட்டிவிட்டு வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போகிற அம்மா அந்த நேரத்தில் வார்டு வாசலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான், அது மகனிடம் இருந்தது.

ஓர் அறக்கட்டளை எங்கள் பிரிவுக்குக் கொடுத்திருந்த வார மாத்திரைப் பெட்டி ஒன்றையும் அவர்கள் கையில் கொடுத்தேன். ஏழு மூடி, ஏழு நாள். நல்ல காரியம் செய்ததாக நினைத்தேன்.

ஏழாவது வாரம்

டிசம்பர் முதல் வாரத்தில் மூச்சிரைப்புடன் திரும்ப வந்தார். இரண்டு நாளாக இரவில் படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறார். எடை 61 கிலோவிலிருந்து 65 ஆகியிருந்தது. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. நாடி 118, ரத்த அழுத்தம் 164/98. புதிய மாரடைப்பு இல்லை என்று ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் காட்டின. முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளிலும் நீலத் திட்டுகள் இருந்தன. எங்கேயாவது இடித்துக்கொண்டீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றார்.

மாத்திரை எல்லாம் ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று பணி மருத்துவர் இந்தியில் கேட்டார். பெரியவர் சற்றுத் தயங்கி, "சில நேரம் விட்டுப்போகிறது" என்றார். அன்றைய குறிப்பில், மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை, வயது காரணமாக மறதி என்று எழுதினோம். அந்த வரி என் கையெழுத்தில் இருக்கிறது.

ஊசி மருந்தில் நீர் வடிந்து, மூன்றாம் நாள் நன்றாக மூச்சு விட்டார். அன்று மதியம் சர்க்கரை அளவு பார்த்தபோது எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. மூன்று மாதச் சராசரியும் முன்பு இருந்ததைவிடக் குறைந்திருந்தது. எனக்கு அது உறுத்தியது. எல்லா மாத்திரையையும் மறக்கிற ஒருவருக்குச் சர்க்கரை மட்டும் எப்படிக் கட்டுப்பாட்டில் இருக்கும்?

பாயில் பரப்பிய மாத்திரைகள்

நான் மாட்டுங்காவில் இருக்கிறேன். அங்கிருந்து அவர்கள் வீடு எட்டிவிடும் தூரம்தான். பணி முடிந்து அந்த அம்மாவோடு நடந்தே போனேன். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் எடுத்துவரச் சொன்னேன். ஒரு மஞ்சள் பை, ஒரு பிஸ்கட் டப்பா, சாமி படத்துக்குக் கீழே ஒரு கிண்ணம் என்று மூன்று இடத்திலிருந்து வந்தன. பாயை விரித்து எல்லாவற்றையும் வகைவகையாகப் பரப்பினோம். பேரன் அட்டையில் இருந்த பெயர்களை வாசித்தான், நான் எண்ணினேன்.

மெட்ஃபார்மின் கணக்கில் ஒன்றுகூடப் பிசகவில்லை. வாங்கியதிலிருந்து மீதி இருப்பதைக் கழித்தால் 38 நாளுக்கு 76 மாத்திரை, சரியாக. "சர்க்கரை மாத்திரையை அவர் விடமாட்டார் தாயி. ஒன்பது வருஷமாகத் தின்கிறாரே" என்றார் அம்மா. வீட்டில் அந்த ஒரு மருந்துக்குத்தான் தமிழில் பெயர் இருந்தது. மற்றவை சிவப்பு அட்டை, நீட்டு மாத்திரை, சின்ன வெள்ளை.

நீர் தேங்காமல் இருக்கத் தந்த ஃபியூரோசெமைடில் 80 மாத்திரை வாங்கியிருந்தார்கள், 52 மீதம் இருந்தது. இது என்ன மாத்திரை என்று கேட்டேன். அம்மா பேரனை வெளியே போய் விளையாடச் சொன்னார். அவன் போன பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அதைப் போட்டால் அரை மணிக்கு ஒருதரம் போகவேண்டியிருக்கிறது. காலையில் வரிசை. வரிசையில் நிற்க நெஞ்சு தாங்கவில்லை. ஒரு நாள் போய்ச் சேர்வதற்குள் வேட்டியிலேயே ஆகிவிட்டது. அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. அதிலிருந்து வெளியே போகாத நாளில் மட்டும் போடுவார். சாயங்காலம் போடுவதே இல்லை. ராத்திரியில் சந்தில் விளக்குக் கிடையாது."

திரும்பும்போது அந்தச் சந்தில் நடந்து பார்த்தேன். வாசலிலிருந்து கழிப்பறைக்கு 140 அடி எடுத்துவைத்தேன். நடுவில் சாக்கடைமேல் போட்ட கடப்பைக்கல் ஒன்று ஆடுகிறது. மார்பெலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருக்கும் ஒருவர், குந்தி உட்கார்ந்து எழ வேண்டிய கழிப்பறைக்கு, ஒரு மாத்திரையால் நாளுக்கு ஏழெட்டு முறை அந்தக் கல்லைத் தாண்டிப் போகவேண்டும். காலையும் மாலையும் என்று எழுதியபோது இதில் எதுவும் எங்கள் கண்ணில் இல்லை.

அட்டோர்வாஸ்டாட்டின் அட்டை ஒன்றுகூட இல்லை. ஒரு மாத மறுபரிசோதனையின்போது எங்கள் புறநோயாளிப் பிரிவுச் சீட்டில் மருந்துப் பெயர்கள் எழுதப்படவில்லை. "எல்லாம் தொடரவும்" என்ற ஒரே வரிதான். மருந்துக்கடையில் அம்மா காலி அட்டைகளைக் காட்டித்தான் வாங்குகிறார். கொழுப்பு மாத்திரையின் காலி அட்டை எப்படியோ குப்பையோடு போய்விட்டது. அட்டை இல்லாததால் மாத்திரையும் இல்லாமல் போயிற்று. வீட்டில் யாருக்கும் அது குறையாகப் படவில்லை. அடைப்பைத்தான் எடுத்துவிட்டார்களே என்று நினைத்திருக்கிறார்கள்.

நீலத் திட்டுக்கும் பாயிலேயே விடை இருந்தது. மறுபரிசோதனை நாளில் எங்கள் மருந்தகம் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறது. அது தெரியாமல் மகன் வெளிக்கடையில் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையை வாங்கி வந்திருக்கிறார். நிறம் வேறு, அட்டை வேறு. வேறு மருந்து என்று நினைத்து அம்மா எட்டு நாள் மூன்றையும் கொடுத்திருக்கிறார். உறையாமல் தடுக்கும் மருந்து இரட்டை அளவில் உள்ளே போயிருக்கிறது.

கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஓர் இருமல் மருந்துப் பாட்டில் பாதி காலியாக இருந்தது. அதை நான் கேட்காமல் விட்டிருந்தால் மெட்டோபிரோலால் ஏன் நின்றது என்பது தெரியாமலே போயிருக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து வறட்டு இருமல் என்றார் அம்மா. இருமும்போதெல்லாம் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்வார், அப்படியும் தையல் பிரிகிற மாதிரி வலிக்கும் என்றார்.

மறுநாள் காலை வார்டில் பெரியவரிடம் உட்கார்ந்து கேட்டேன். அவர் தாமாகவே கண்டுபிடித்திருந்தார்: புதிதாகச் சேர்ந்த மாத்திரைகளில் ஒன்றுதான் இருமலைத் தருகிறது. அது சரி. ராமிப்ரில் வகை மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும், நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு அது. ஆனால் அவர் சந்தேகப்பட்டது சின்ன வெள்ளை மாத்திரையை, அதாவது மெட்டோபிரோலாலை. திரும்ப வருவதற்கு ஐந்து நாள் முன்பு அதை அடியோடு நிறுத்திவிட்டார். இருமல் நிற்கவில்லை. திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறக்கூடிய மருந்து அது, சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்தவேண்டும். நாடி 118 ஆனதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

"ஐயா, இதை அன்றைக்கே டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"விட்டுப்போகிறதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஏன் விட்டுப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை அம்மா" என்றார்.

நான் கொடுத்த மாத்திரைப் பெட்டி தையல் இயந்திரத்தின் மேல் இருந்தது. மருமகள் பொத்தான் போட்டு வைத்திருந்தார். மூடிகளில் ஆங்கில எழுத்து மட்டும் பொறித்திருக்கிறது: எஸ் இரண்டு, டி இரண்டு. எது ஞாயிறு, எது சனி என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அட்டையிலிருந்து பிரித்துப் போட்டால் எது எந்த மாத்திரை என்றும் அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று பயந்திருக்கிறார். நியாயமான பயம்.

எடுத்த முடிவுகள்

அன்றே அறுவை மருத்துவரிடமும் இதயநோய் மருத்துவரிடமும் போய், மறதி என்ற குறிப்பைத் திருத்த வேண்டும் என்றேன். ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு காரணம் இருக்கிறது, ஒன்றின் காரணம் இன்னொன்றுக்குப் பொருந்தாது என்று எண்ணிக்கையோடு எழுதிக் கொடுத்தேன். இதயநோய் மருத்துவர் இருபது நிமிடம் ஒதுக்கினார். அன்றைய கூட்டத்தில் அது எளிதில்லை, அதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

ராமிப்ரிலை நிறுத்திவிட்டு இருமல் தராத வகையில் டெல்மிசார்டன் எழுதினார். இருமல் உடனே நிற்காது, சில வாரம் பிடிக்கலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். இல்லையென்றால் பழி மறுபடி வேறு ஒரு மாத்திரைமேல் விழுந்திருக்கும். மெட்டோபிரோலாலை நாளுக்கு ஒருமுறை போதுமான, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினார். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்த ஒரே மாத்திரையை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார், தனி மாத்திரைகளும் சேர்ந்த மாத்திரையும் ஒன்றாக உள்ளே போகக்கூடாது என்பதால். பழைய தனி அட்டைகளை அம்மா கையாலேயே எடுத்துத் திருப்பிக் கொடுக்கச் செய்தோம். கொழுப்பு மாத்திரை மீண்டும் தொடங்கியது. எண்ணிக்கை 11லிருந்து 8 ஆயிற்று.

அதிக நேரம் பேசியது நீர் மாத்திரையைப் பற்றித்தான். நீர் வடிந்துவிட்டதால் ஒரு வேளை போதும் என்றார் மருத்துவர். எந்த வேளை? வழக்கமாகக் காலை எழுந்ததும் என்போம். கழிப்பறையில் வரிசை எப்போது குறையும் என்று பெரியவரையே கேட்டோம். பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் கிளம்பிய பிறகு, பத்தரைக்கு மேல் என்றார். பத்தரைக்கே போடலாம் என்று முடிவானது. இரவுக்கு ஒரு மூத்திரக் குடுவையும், வீட்டுக்குள் உட்காரும் உயரத்தில் ஒரு கமோடு நாற்காலியும் சமூகப் பணியாளர் ஏற்பாடு செய்தார். நாற்காலியைப் பெரியவர் மறுத்துவிட்டார். பேரன் வந்துபோகும் கீழறையில் அது வேண்டாம் என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. குடுவையை ஏற்றுக்கொண்டார்.

பிறகு விளக்கம். இந்த முறை அம்மாவை வார்டுக்குள் வரவழைத்தேன். அடைப்பை எடுத்தாயிற்று என்ற நம்பிக்கையை முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது. சயான் ரயில் மேம்பாலத்தை 2024 ஆகஸ்டில் மூடியது தாராவியில் எல்லோருக்கும் தெரியும். "பாலம் மூடிக்கிடக்கிறது, வண்டிகள் சுற்றிப் போகின்றன. உங்கள் நெஞ்சிலும் அடைபட்ட பாதை அடைபட்டபடிதான் இருக்கிறது ஐயா. சுற்றிப்போக வேறு பாதை போட்டிருக்கிறோம். அந்தப் பாதையும் அடைபடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும்" என்றேன். காலிலிருந்து எடுத்து வைத்த குழாய்களில் ஏறக்குறைய பாதி, பத்து ஆண்டுகளில் அடைபடவோ கெட்டுப்போகவோ செய்கின்றன. மார்புத் தமனி அதைவிட நெடுநாள் தாங்கும். அதையும் மறைக்காமல் சொன்னேன். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. "அப்படியென்றால் இது சர்க்கரை மாத்திரை மாதிரி. முடிவில்லாதது" என்றார். அவர் சொன்ன அந்த ஒப்பீட்டையே அதற்குப் பின் எல்லா நோயாளிகளிடமும் பயன்படுத்துகிறேன்.

அட்டவணையை நான் எழுதவில்லை. பெரியவர் கணக்கு எழுதிப் பழகியவர், தினமும் தமிழ் நாளிதழ் வாசிப்பவர். அவரையே எழுதச் சொன்னேன். காலண்டர் அட்டையின் பின்புறத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு மருந்துக்கும் அவர் பெயர் வைத்தார்: வயிற்று மாத்திரை, துடிப்பு மாத்திரை, அழுத்த மாத்திரை, நீர் மாத்திரை, உறையாத மாத்திரை, கொழுப்பு மாத்திரை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த அட்டையின் ஒரு துண்டை வெட்டி ஒட்டினோம். மருந்தின் மூலப் பெயரைப் பேரன் ஆங்கிலத்தில் எழுதினான், கடைக்காரர் படிப்பதற்காக. நிறுவனம் மாறி நிறம் மாறினாலும் இந்தப் பெயர் மாறாது, கடையில் இதைக் காட்டித்தான் வாங்கவேண்டும், காலி அட்டையைக் காட்டி வாங்கக்கூடாது என்பதைப் பேரனிடமும் அம்மாவிடமும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஞாபகப்படுத்த ஒரே ஒரு ஏற்பாடுதான். அந்த வீட்டில் தினசரி நாட்காட்டித் தாளை அம்மா காலையில் கிழிப்பார். அதை இரவுக்கு மாற்றினோம். இரவு மாத்திரை முடிந்த பிறகுதான் அன்றைய தாளைக் கிழிக்க வேண்டும். மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்னால் வரும் தாளில் பேரன் சிவப்பு வட்டம் போட்டான். மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால் என்னை அழைக்கச் சொன்னோம். மக்கள் மருந்தகத்தில் வாங்கினால் மாதச் செலவு குறையும் என்று மகனுக்கு எடுத்துச் சொன்னது சமூகப் பணியாளர்.

அடுத்த நான்கு மாதங்கள்

பத்து நாளுக்கு ஒருமுறை பேசினேன். ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டேன். இந்த வாரம் எந்த மாத்திரை தொல்லை கொடுத்தது என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் பேச்சு வந்தது. ஜனவரி தொடக்கத்தில் இருமல் அடங்கியது. பொங்கல் நெருங்கிய வாரத்தில், எழுந்து நின்றால் கிறுகிறுக்கிறது என்றார். துடிப்பு மாத்திரையும் அழுத்த மாத்திரையும் ஒரே நேரத்தில் போகின்றன என்பது பேசியபோது தெரிந்தது. மருத்துவரைக் கேட்டு அழுத்த மாத்திரையை இரவுக்கு மாற்றினோம். முன்பென்றால் அவரே எதையாவது நிறுத்தியிருப்பார். இந்த முறை நிறுத்துவதற்கு முன்னால் சொன்னார். என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வில் மிகப் பெரிய முன்னேற்றம் அதுதான்.

பிப்ரவரியில் மறுபடி பாயில் பரப்பி எண்ணினோம். நீர் மாத்திரை 60 நாளில் 55 எடுத்திருந்தார். விட்ட ஐந்தும் கல்யாணம், காரியம் என்று வெளியே போன நாள்கள், ஐந்தையும் அட்டவணையில் குறித்திருந்தார். மற்றவற்றில் ஒன்றிரண்டுக்கு மேல் குறையவில்லை. எடை 61, ரத்த அழுத்தம் 128/76. கெட்ட கொழுப்பு 124லிருந்து 68க்கு இறங்கியிருந்தது.

ஊர்க் கொடை

சித்திரையில் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. போகாமல் இருக்கமாட்டார், போகவேண்டாம் என்று சொல்லவும் எங்களுக்குக் காரணம் இல்லை. தாதரிலிருந்து திருநெல்வேலி ரயிலில் ஒன்றரை நாளுக்கு மேல் பயணம். ரயிலில் நீர் மாத்திரையை எப்படி எடுப்பது என்று அவரே கேட்டார். கழிப்பறைக்குப் பக்கத்துக் கீழ்ப்படுக்கை கேட்டு வாங்கி, வழக்கமான நேரத்திலேயே எடுத்துக்கொண்டார். இதைப் பேசி முடித்ததும் எல்லாம் பேசிவிட்டதாக நினைத்துவிட்டேன். எத்தனை நாள் தங்குகிறீர்கள், எத்தனை நாளைக்கு மாத்திரை இருக்கிறது என்று கேட்கவில்லை.

போனது 23 நாள். கையில் இருந்தது 15 நாளைக்கு. கொழுப்பு மாத்திரையும் அழுத்த மாத்திரையும் தீர்ந்தபோது பக்கத்து ஊர்க் கடையில் வாங்கினார். அட்டவணை மும்பைச் சுவரில் இருந்தது. காலி அட்டையைக் காட்டித்தான் வாங்கியிருக்கிறார். கடையில் டெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற இன்னொரு நீர்ப்போக்கு மருந்து சேர்ந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். மே மாத வெயில், ஏற்கனவே ஒரு நீர் மாத்திரை, அதற்குமேல் இது. நான்காம் நாள் கோயில் வாசலில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார்.

பேரன் என்னை அழைத்தான். அட்டையில் இருப்பதை ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கச் சொன்னேன். பெயர் சரியாக இருந்தது, அளவும் சரியாக இருந்தது. "கடைசியில் ஒரு எச் இருக்கிறது அத்தை" என்றான். அந்த ஓர் எழுத்துத்தான். உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். ரத்த அழுத்தம் 94/60. ஒருநாள் வைத்திருந்து, பழைய மாத்திரைக்கே மாற்றி அனுப்பினார்கள். விழுந்து அடிபடாதது நல்ல காலம்.

ஓராண்டு முடிவில்

2025 அக்டோபரில் ஓராண்டுப் பரிசோதனை. டிசம்பருக்குப் பிறகு இதயக் கோளாறுக்காக அவரை மருத்துவமனையில் சேர்க்கவேண்டி வரவில்லை. ஊரில் ஒருநாள் படுத்தது மட்டும் கணக்கில் இருக்கிறது. இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் 45 சதவீதம். காலையில் 90 அடிச் சாலை வரை நடந்து போய் நாளிதழ் வாங்கிவருகிறார். நீர் மாத்திரையின் அளவை மருத்துவர் பாதியாக்கினார். குளோபிடோக்ரெலை நிறுத்தலாம், ஆஸ்பிரின் மட்டும் தொடரட்டும் என்றார்.

அதாவது உறையாத மாத்திரை இனி வேறு அட்டையில் வரும். நாங்கள் சொல்வதற்கு முன்பே பெரியவர் மடித்துக் கொண்டுவந்திருந்த அட்டவணையை எடுத்தார். பழைய அட்டைத் துண்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, புதியதை ஒட்ட இடம் விட்டு, தேதி போட்டார். அம்மா பக்கத்தில் நின்று, "பழையது வீட்டில் ஆறு இருக்கிறது, அதை என்ன செய்வது?" என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி அது. சென்ற ஆண்டு நாங்கள் கேட்காமல் விட்டது.

இனி மாற்றிச் செய்வது

நாள்பட்ட நோய்க்கு மருந்து எடுப்பவர்களில் சொன்னபடி எடுப்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003இல் சொன்னது. மீதிப் பாதியை மறதி என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட முடியும். அடைத்த பிறகு தேட எதுவும் இருக்காது. இந்தப் பெரியவரிடம் உண்மையான மறதி ஏறக்குறைய இல்லவே இல்லை. இருந்தவை கழிப்பறை, இருமல், தொலைந்த அட்டை, இரண்டு இடத்தில் வாங்கிய ஒரே மருந்து, தவறாக விளங்கிய ஓர் அறுவை. மறதியே உள்ளவர்களும் வருகிறார்கள், அவர்களுக்கு வேறு வழி வேண்டும். ஆனால் எண்ணிப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சொல்லை எழுதுவதை எங்கள் வார்டில் நிறுத்திவிட்டோம்.

சேர்க்கைப் படிவத்தில் இரண்டு கேள்விகள் கூடியிருக்கின்றன: வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் யார், கழிப்பறை எங்கே இருக்கிறது. மறுபரிசோதனைச் சீட்டில் எல்லாம் தொடரவும் என்று எழுதுவதை மருத்துவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். கூட்டம் அதிகமான நாளில் இன்னமும் வருகிறது, நாங்கள் திருப்பி அனுப்புகிறோம். ஊருக்குப் போகிறவர்களிடம் நாள்களை எண்ணி, ஒரு வாரம் கூடுதலாக மருந்து இருக்கிறதா, அட்டவணையின் படம் பேரப்பிள்ளைகளின் கைபேசியில் இருக்கிறதா என்று பார்க்கிறோம். மாத்திரைப் பெட்டியைக் கொடுப்பதற்கு முன் மூடியில் தமிழிலோ மராத்தியிலோ இந்தியிலோ கிழமையை எழுதி ஒட்டுகிறோம். வேண்டாம் என்பவர்களிடம் திணிப்பதில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் இரண்டு பேருக்குப் பாஸ் தரவேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அதுவரை, விளக்கம் சொல்லும் நேரத்தில் வார்டு வாசலுக்கு நாங்களே போய், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை உள்ளே கூட்டிவருகிறோம்.